பறந்ததைக் கழிக்காதவர்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊர் மொத்தமும் அவரை "மாநிலம்" என்றே கூப்பிட்டது. எதைப் பேசினாலும் "நம்ம மாநிலத்துல..." என்று ஆரம்பிக்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மழை பெய்தால், மாநிலத்தில் வருடத்துக்கு எத்தனை நாள் மழை என்று சொல்லுவார். யாருக்காவது வயிற்றைப் பிசைந்தால் மாநில மரத்தின் பட்டையைக் கஷாயம் வைக்கச் சொல்லுவார். ஒருமுறை முடிதிருத்தும் கடையில், பாதி முகத்தில் நுரையோடு, அரசு முத்திரையில் ஏன் ஐந்து அலைக்கோடுகள் என்று விளக்கத் தொடங்கினார். ஐந்து நதிகளாம். "ஐயா, மூணாவது நதியில கொஞ்சம் வாயை மூடுங்க. கத்தி மேலுதட்டுல இருக்கு" என்றார் கடைக்காரர்.

வேலை, ஏரிக் காவலர். எழுநூறு வருடங்களுக்கு முன்னால் கூடையில் மண் சுமந்து வெட்டிய ஏரி. அதற்கு மேற்கே ஒரு மைல் தள்ளி ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த மாநிலம். இருபத்தாறு வருட வேலையில் அவர் ஒருநாள்கூட ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதில்லை. "அங்க என்ன இருக்கு பாக்க?" என்பார்.

ஏரியில் முடிநாரைகள் இருந்தன. ஆள் இடுப்புயரம், சாம்பல் உடம்பு, தலையில் வெள்ளைக் கொண்டை. மாநிலப் பறவை. முத்திரையில், பேருந்தில், பள்ளிச் சட்டைப் பையில், எங்கும் அதுதான். முத்திரையில் அதற்கு நாலு விரலுக்குப் பதில் மூன்று விரல்தான் வரைந்திருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு ஏழு மனு போட்டிருந்தார். அவர் மனைவி தையல்காரி. பள்ளிச் சட்டைகளுக்கு இயந்திரத்தில் அந்தப் பறவையை எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பாள். அதிலும் போய் விரலை எண்ணுவார். "உங்க நாரைக்கு விரல் வைக்கவும் நகம் வெட்டவும் எனக்கு நேரமில்ல, அங்கிட்டுப் போங்க" என்பாள் அவள்.

சிக்கல் என்னவென்றால், அடுத்த மாநிலத்துக்கும் அதே பறவைதான் மாநிலப் பறவை. அவர்கள் பக்கத்திலும் ஒரு ஏரி உண்டு. ஒவ்வொரு வருடமும் குளிர் முடிகிற மாதத்தில் இரண்டு பக்கமும் பறவைகளை எண்ணுவார்கள். எண் செய்தித்தாளில் வரும். எந்த மாநிலத்தில் அதிகமோ அதுவே பறவையின் தாயகம் என்று ஒரு பேச்சு. சட்டமெல்லாம் இல்லை, வெறும் பேச்சுதான். பேச்சுக்குத்தானே மனிதன் சாகிறான்!

பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் முதல்முறை எண்ணும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஏரிக் கரை நான்கு கிலோமீட்டர். அதை நான்கு கல் நட்டுப் பிரித்திருந்தார்கள். கிழக்கே முதல் கல்லில் தொடங்கி மேற்கே நான்காவது கல் வரை நடந்துகொண்டே எண்ண வேண்டும். ஆள் நடமாட்டம் கண்டால் பறவைகள் எழுந்து மேற்கு நோக்கிப் போகும், ஏனென்றால் மேற்குக் கரையில்தான் அடர்ந்த நாணல். அங்கேதான் அவை கூடு கட்டும். அதனால் துறை கொடுத்த கையேட்டில் பதினோராம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. எண்ணிய பகுதியிலிருந்து எண்ணப்போகும் பகுதிக்குப் பறந்து போனவற்றை மொத்தத்தில் கழிக்க வேண்டும்.

முதல் வருடம் ஒழுங்காகக் கழித்தார். தொண்ணூற்றாறு வந்தது. செய்தித்தாளில் அடுத்த மாநிலத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. "தாயகம் மாறியதா?" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருடம் கழிக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நான் சொன்னால் அது பொய். தலைக்கு மேல் பறந்து போனவற்றைப் பார்த்தார், பார்த்துவிட்டு நடந்தார், மூன்றாவது கல்லில் அவற்றையே மறுபடி எண்ணினார். நூற்று முப்பத்தெட்டு. அன்று சாயந்திரம் ஊரே கைகுலுக்கியது. அதன்பிறகு புலி வாலைப் பிடித்தவன் கதைதான். ஒரு வருடம் கழித்தால் எண் சரியும், சரிந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் விடவே முடியவில்லை. போன வருடம் நூற்று எண்பத்தாறு. காவல் கோபுரத்தின் அடியில் "முடிநாரையின் தாயகம் – 186" என்று பலகையில் தன் கையாலேயே வண்ணம் அடித்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி ஒரு பெண். வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கடிதத்தை அவரிடம் கொடுக்கும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணே, உங்களுக்கு மாநில நாள்ல பதக்கம். சிறந்த காவலர். முதல் பத்தியப் படிங்க."

முதல் பத்தியைப் படித்தார். நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டாவது பத்தியைப் படித்தார். மூன்று ஆண்டுகளாகப் பறவைகள் நூற்றைம்பதுக்கு மேல் இருப்பதால் இனத்துக்கு ஆபத்து நீங்கிவிட்டது. இந்த ஆண்டுக் கணக்கும் அவ்வாறே இருந்தால் மேற்குக் கரை நாணலை அகற்றிப் படகுத்துறை அமைக்க ஆட்சேபணை இல்லை.

அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார். நாணலை வெட்டினால் கூடு ஏது, குஞ்சு ஏது? வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதுகூட அடுத்தவன் பயிரைத்தான் மேய்ந்தது. இவர் உயிராக நினைத்ததையே எண்ணி எண்ணி மேய்ந்துவிட்டிருந்தார்.

"என்ன அண்ணே, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல மேடம். சந்தோஷம்."

"வியாழக்கிழமை எண்ணும்போது நானும் கூட வர்றேன். உங்ககிட்டேர்ந்து கத்துக்கணும்."

வீட்டுக்குப் போனால் வாசலில் மச்சினன் நிற்கிறான். மனைவியின் தம்பி. சேதி அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. என்றாவது படகுத்துறை வரும் என்று நம்பி முன்பே இரண்டு படகு வாங்கித் தன் வீட்டு முன்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். ஒன்றின் மூக்கில் முடிநாரை வரைந்திருந்தான். அதற்கு நாலு விரல் சரியாக இருக்கிறதா என்று போன மாதம் போய்ப் பார்த்துச் சொன்னவரே இவர்தான்.

"மாமா, உங்க புண்ணியத்துல ஒரு வழி பொறந்துச்சு. நூத்தம்பது தாண்டிடும்ல?"

"பாக்கலாம் மாப்ளே."

"என்ன பாக்கலாம்? நீங்கதானே எண்ணுறவரு!"

அந்த மூன்று நாளும் அவர் பட்ட பாடு நாய்படாப் பாடு. தூக்கமில்லை. கோபுரத்தில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டார். இந்த வருடம் மட்டும் ஓசைப்படாமல் கழித்துவிட்டால்? நூற்று எண்பத்தாறு எப்படி ஒரே வருடத்தில் எண்பது, தொண்ணூறு ஆனது என்று கேட்பார்கள். நோய் வந்து செத்துவிட்டன என்றால், செத்த பறவை எங்கே என்பார்கள். ஆற்றைத் தாண்டிப் போய்விட்டன என்றால்? அதைச் சொல்ல நாக்கை அறுத்துக்கொள்ளலாம். அப்படியே மானத்தை விட்டுச் சொன்னாலும், பறவைதான் போய்விட்டதே, வெறும் நாணல் எதற்கு, வெட்டு என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் நாணல் விழுந்தது. நின்றது, உண்மையைச் சொல்லிவிடுகிற ஒரே ஒரு வழியில்தான். அந்த வழியில் போனால் இவர் விழுவார். பதக்கம் போகும், வேலை போனாலும் போகும், "மாநிலம்" என்று கூப்பிடுகிற அத்தனை வாயும் இனிமேல் சிரிக்கும்.

புதன்கிழமை மாலை மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஏங்க, மூணு நாளா ஒரு விரலக்கூட எண்ணல நீங்க. என்ன விஷயம்?"

சொன்னார். முதல்முறையாக ஒரு மனிதரிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வருஷா வருஷம் எண்ணுற அன்னைக்கு நாலாவது கல்லுக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வர்றது யாரு? நீங்க வர்றதுக்கு முன்னாடியே அதுங்க கூட்டங்கூட்டமா கிழக்கேர்ந்து வந்து எறங்கும். அப்புறம் நீங்க வேர்த்து விறுவிறுத்து வந்து புதுசா எண்ணுவீங்க. பதினேழு வருஷமாப் பாக்குறேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்கு? வீட்டுல சிரிச்ச முகமா இருக்கிற நாளு அது ஒண்ணுதான். அத ஏன் கெடுப்பானேன்னு வாய மூடிக்கிட்டேன். அது என் தப்புதான்." நூலைப் பல்லால் கடித்தாள். "நாளைக்கும் நான் நாலாவது கல்லுலதான் இருப்பேன்."

வியாழக்கிழமை விடிந்தது. முதல் கல்லில் அதிகாரி பைனாகுலரோடும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு எண் கூடுகிற சின்னக் கருவியோடும் நின்றாள். இருவரும் நடந்தார்கள். அவள் பார்த்து அழுத்தினாள், அவர் பக்கத்தில் நின்றார். இரண்டாவது கல்லைத் தாண்டும்போது இருபது, முப்பது நாரைகள் ஒன்றாக எழுந்தன. சிறகடிக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்டது. அவள் அண்ணாந்து பார்த்து, "என்ன அழகு அண்ணே!" என்றாள். கருவியைப் பார்க்கவே இல்லை. கழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையேடு இப்போது புதிது. அந்தப் பதினோராம் பக்கம் சுருங்கி ஒரு வரியாகிக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தது. பக்கத்தில் நிற்கும் அனுபவசாலி சொல்லுவார் என்று அவள் நம்பினாள்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். திரும்ப மூடிக்கொண்டார். மூன்றாவது கல்லில் சொல்லலாம் என்று நடந்தார். மூன்றாவது கல்லிலும் சொல்லவில்லை. கேவலம், அங்கே நின்று மாநில மலர் எந்த மாதம் பூக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சில மனிதர்களுக்குப் பயம் வந்தால் பேச்சு நிற்கும், இவருக்குப் பயத்திலும் மாநிலம்தான் வந்தது.

நான்காவது கல்லில் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள். அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சற்றுத் தள்ளி மச்சினனும் வந்து நின்றான், கையைக் கட்டிக்கொண்டு.

அதிகாரி கடைசியாக அழுத்திவிட்டுக் கருவியைத் திருப்பிக் காட்டினாள். "நூத்தி எழுபத்தொண்ணு! கொஞ்சம் கொறஞ்சிருக்கு, பரவாயில்ல. நூத்தம்பதுக்கு மேலதான்." பதிவேட்டைப் பிரித்து எண்ணை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவரிடம் நீட்டினாள். "இங்க, என் கையெழுத்துக்குக் கீழ."

மச்சினன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

பேனாவை வாங்கினார். நாணலுக்குள் ஒரு நாரை கழுத்தை நீட்டி இவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனது. பேனாவை மூடினார்.

"மேடம், கழிக்கணும்."

"எதை?"

"நமக்கு மேல பறந்து போச்சே, அதெல்லாம் நாம ஏற்கெனவே எண்ணினது. இங்க வந்து திரும்ப எண்ணிட்டோம். சிலதை மூணு தடவை எண்ணியிருக்கோம்."

"அதை ஏன் அப்பவே சொல்லல?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டு முடிக்கும்போதே அவள் முகம் மாறியது. பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் "கழித்தது" என்ற கட்டம் காலியாக இருந்தது. "எத்தனை வருஷமா?"

"பதினேழு."

"மாமா!" என்று கத்தினான் மச்சினன். "பைத்தியமா உங்களுக்கு?"

அதிகாரி கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க எண்ணை வச்சுத்தான் நான் தலைமை ஆபீஸ்ல பேசிட்டு வந்தேன். எங்க ஏரியைப் பாருங்கன்னு பெருமையாச் சொன்னேன். வேணும்னே செஞ்சீங்களா?" என்றாள்.

"வேணும்னேதான் மேடம். அவங்களைவிட நமக்குக் கொறைச்சலா இருக்கக் கூடாதுன்னு."

"இப்ப சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எப்படி நம்புறது? பதக்கம் தர்றப்போ ஒரு கணக்கு, நாணலை வெட்டப் போறாங்கன்னதும் ஒரு கணக்கா? உங்க வாயை நம்பி ஒரு தடவை ஏமாந்தாச்சு. எண்ணிக் காட்டுங்க."

"நடந்து எண்ணினா தப்பு வரும். நாலு கல்லுலயும் நாலு பேர் நின்னு ஒரே நேரத்துல எண்ணணும். அசையாம."

"நாலு பேருக்கு எங்க போறது? இங்க நாம மூணு பேர்."

தையல்காரி தன் தம்பியைப் பார்த்தாள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றான் அவன். "நல்லா இருக்கே கூத்து! என் சோத்துல மண்ணப் போட என்னையே மண்வெட்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்றீங்களா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆனால் மறுநாள் காலையில் ஆறரை மணிக்கு மூன்றாவது கல்லில் நின்றான்.

அன்று காலை அவருக்குக் கிடைத்தது முதல் கல். அங்கேயிருந்து பார்த்தால் மூன்றாவது கல் ஒரு புள்ளி. அங்கே நிற்கிறவன் மனம் வைத்தால் இருபதை எண்பதாக்கலாம், நூறுகூட ஆக்கலாம். கேட்க ஆளில்லை. பதினேழு வருடம் இவரைக் கேட்க யார் இருந்தார்கள்? ஏழு மணிக்கு அதிகாரி விசில் அடித்தாள். பத்து நிமிடம் ஒருவரும் அசையவில்லை. தன் பகுதியை மூன்றுமுறை எண்ணினார். பதினான்கு. ஒவ்வொரு முறையும் பதினான்குதான். அதைக் கூட்ட வேண்டும் என்று விரல் துடித்தது. அத்தனை வருடப் பழக்கம், லேசில் போகுமா?

நான்கு பேரும் நான்காவது கல்லில் கூடினார்கள்.

"பதினாலு" என்றார் அவர்.

"இருபத்தேழு" என்றாள் அதிகாரி.

"இருபத்து மூணு" என்றாள் மனைவி.

மச்சினன் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துச் சொன்னான். "பத்தொம்பது. நாலு தடவை எண்ணினேன். நான் படகு விடுறவன் மாமா. பொய் சொல்றவன் இல்ல."

அந்த அடி அவருக்கு வேண்டியதுதான். வாங்கிக்கொண்டார்.

எண்பத்து மூன்று. முதல் வருடம் ஒழுங்காக எண்ணியபோது தொண்ணூற்றாறு இருந்ததல்லவா? பதினேழு வருடமாகக் காகிதத்தில் ஏறிக்கொண்டே போன பறவை, தண்ணீரில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் பலகைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி முந்தின நாள் எழுதியதை அடித்துவிட்டு எண்பத்து மூன்று என்று எழுதி, அடித்ததற்குத் தனியாகக் கையெழுத்துப் போட்டாள். நாணலைத் தொடக் கூடாது என்று அன்றே அறிக்கை போனது. அதோடு சேர்ந்து இவர்மேல் விசாரணைக்கும் ஒரு தாள் போனது. பதக்கப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. மச்சினன் ஒரு வாரம் அக்காவின் வீட்டுப் படி ஏறவில்லை. முடிதிருத்தும் கடையில், "நம்ம மாநிலத்துல இப்ப எத்தனை பறவைங்க?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினார்.

பலகையைச் சுரண்டி 83 என்று எழுதியபோதுதான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. தூரிகை கையிலேயே நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன வருடம் நூற்று எண்பத்து நான்கு. எண்ணுகிறவனும் மனுஷன்தானே? இவருடைய எண்ணைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு அவனுக்கு மட்டும் சோறு இறங்கியிருக்குமா?

அதிகாரியிடம் போய் நின்றார். விசாரணைத் தாள் போன நாளிலிருந்து அவள் இவரிடம் அதிகம் பேசுவதில்லை.

"மேடம், அந்தப் பக்கத்து ஏரிக் காவலர் போன் நம்பர் வேணும்."

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். இரண்டு இடத்துக்குப் பேசி எண்ணை வாங்கிக் கொடுத்தாள். எழுந்து போகவும் இல்லை. அவள் மேசைக்கு முன்னால் நின்றபடியே பேசினார்.

"வணக்கங்க. நான் ஆத்துக்கு இந்தப் பக்கம் ஏரியில எண்ணுறவன்."

எதிர்முனையில் ஒரு வயதான குரல், "நூத்தி எண்பத்தாறா?" என்று கேட்டது.

"இல்லைங்க. எண்பத்து மூணு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. போனை வைத்துவிட்டாரோ என்று காதோடு அழுத்திக்கொண்டார்.

"கழிச்சீங்களா?" என்றது அந்தக் குரல், மிக மெதுவாக.

"கழிச்சேங்க. நீங்களும் இந்த வருஷம் கழிச்சுடுங்க. எண்ணு கூடிச்சுன்னா நாணலை வெட்டச் சொல்லிடுவாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"போன மாசமே வெட்டிட்டாங்க" என்றார் அவர். "மொத்தமும். நான் ரெண்டு நாள் குறுக்க நின்னேன். நூத்தி எண்பத்து நாலு இருக்கு, அப்புறம் என்னய்யா உனக்குன்னு கேட்டாங்க. என்ன சொல்றது? என் கையெழுத்துதானே அது. வெட்டின அன்னைக்குச் சாயந்திரம் எல்லாம் எழும்பிப் போச்சு. கிழக்கதான் போச்சு."

கிழக்கே என்றால் இந்தப் பக்கம். மாநிலம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பதினான்கு, இருபத்தேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று. அதில் தன்னுடையவை எத்தனை என்று இனி எப்படி எண்ணினாலும் தெரியப்போவதில்லை.

"அந்த எண்பத்து மூணுல எங்களோடதும் இருக்கும்ங்க" என்றது குரல். "பாத்துக்குங்க."

ஒரு வாழ்நாள் முழுக்க அந்த மாநிலத்துக்காரன் சொன்ன எதையும் ஒத்துக்கொள்ளாத மனிதர், போனைக் காதில் வைத்தபடியே தலையை ஆட்டினார். தலையாட்டினால் எதிர்முனையில் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"பாத்துக்கிறேங்க" என்றார்.